ஊர்க்காசில் கோப்பைப் போட்டியா, அன்றாட ஆட்டமா? மனசுக்கு எது உதவும்?

கேள்வி: மே 4, கொடைக்கானல் மலை, மன்னவனூர்ப் பக்கத்து வாசகர்

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் இந்த வருஷம் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பூண்டு விலை கைகொடுத்தது. திருவிழாவோடு சேர்த்து இரண்டு நாள் வாலிபால் போட்டி வைத்து, முதல் பரிசாகப் பெரிய தொகையும் கோப்பையும் கொடுக்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். "விளையாட்டு வந்தா பசங்க குடியை விடுவாங்க, போனை விடுவாங்க, தைரியம் வரும்" என்று பேச்சு. இது உண்மையிலேயே நடக்கிறதா, வெறும் மேடைப் பேச்சா? பிளஸ் டூ முடித்துவிட்டு அறையை விட்டு வெளியே வராத பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

நடக்கிறது. கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு நாள் போட்டியால் நடந்து பார்த்ததில்லை.

உங்கள் போட்டிக்கு யார் வருவார்கள் என்று யோசியுங்கள். கொடைக்கானலிலிருந்து ஒரு டீம், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து சில டீம்கள். பரிசுத் தொகை பெரிதாக இருந்தால் மதுரையிலிருந்துகூட வண்டி ஏறி வருவார்கள். உங்கள் ஊர் சார்பில் ஏற்கெனவே ஆடத் தெரிந்த ஆறு பேர் இறங்குவார்கள். அறையை விட்டு வராத அந்தப் பையன், மைக் சத்தம் கேட்டால் ஜன்னலையும் சாத்திக்கொள்வான். யாரை நினைத்துப் பணம் செலவழிக்கிறீர்களோ அவன் அந்த இடத்தில் இருக்கவே மாட்டான்.

அதே பணத்தில் ஒரு வலை, இரண்டு கம்பம், நாலு பந்து வாங்கலாம். வாரத்தில் மூன்று மாலை, ஒரே நேரம், வருஷம் முழுக்க. விரிவாக நாளைக்கு எழுதுகிறேன்.

மே 5

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்தகிரிப் பக்கம், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் மாலை நேர எறிபந்துக் (த்ரோபால்) குழுவை நடத்தும் பெண்களில் ஒருத்தி. பள்ளிப் பிள்ளைகள், படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், எஸ்டேட்டில் வேலை முடித்து வரும் அக்காக்கள் என்று எல்லோரும் ஒரே வலைக்கு இரண்டு பக்கமும் நிற்போம்.

மேடைப் பேச்சா என்று கேட்டீர்கள். 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 12 லட்சம் பேருக்கு மேல் சொன்ன பதில்களை வைத்துச் செய்தது. கடந்த மாதத்தில் எத்தனை நாள் மனசு சரியில்லாமல் இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அப்படிப்பட்ட நாள்கள், செய்யாதவர்களைவிட 43 சதவீதம் குறைவு. வயது, வருமானம், படிப்பு எல்லாவற்றையும் ஈடுகட்டிப் பார்த்த பிறகு வந்த கணக்கு இது. எல்லா வகைப் பயிற்சியிலும் குழு விளையாட்டுக்காரர்கள்தான் முன்னால் நின்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது: தடவைக்கு 45 நிமிஷம், வாரத்தில் மூன்றிலிருந்து ஐந்து தடவை ஆடியவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு நிலைமை தலைகீழ். எனவே உங்கள் இளைஞர்களைக் காலையிலிருந்து இருட்டும்வரை மைதானத்தில் போட்டு வாட்ட வேண்டியதில்லை.

இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு சிக்கல் உண்டு. மனசு நன்றாக இருக்கிறவர்கள்தான் ஆட வருகிறார்களோ என்னவோ? ஆட்டத்தால் மனசு தெளிந்ததா, தெளிந்த மனசு ஆட்டத்துக்கு வந்ததா என்று அதில் பிரிக்க முடியாது. அதற்கு வேறு வகைச் சோதனை வேண்டும். 1999-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அப்படி ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைக் கடந்த 156 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடற்பயிற்சி, ஒரு பகுதிக்கு மாத்திரை, மூன்றாவது பகுதிக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பகுதியும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆரம்பத்தில் குணம் சீக்கிரம் தெரிந்தது, பிறகு மற்றவர்களும் எட்டிப் பிடித்தார்கள்.

அந்தப் பயிற்சி வீட்டில் தனியாகச் செய்தது அல்ல. வாரம் மூன்று நாள், ஒருவர் மேற்பார்வையில், எல்லோரும் சேர்ந்து செய்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். வருகிற நாள், வருகிற நேரம், கூட இருக்கிற ஆட்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

மே 5, மறுபடியும்

நாலு பந்து எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சமவெளியில் இருப்பவர் போலும். இங்கே கோட்டைத் தாண்டிய பந்து நிற்காது. தேயிலைக்குள் இறங்கி, அடுத்த வளைவு ரோட்டைத் தாண்டி, கீழே யாருடைய கேரட் பாத்தியிலாவது போய்த்தான் உட்காரும். ஒருவர் இறங்கித் தேடி ஏறி வரும்வரை ஆட்டம் நிற்காமல் இருக்க அடுத்த பந்து கையில் வேண்டும். எங்கள் கீழ்த் தோட்டக்காரர் முதலில் கோபமாகத்தான் பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். இப்போது பந்தோடு அவருடைய மகளும் மேலே வருகிறாள், நன்றாகவும் பிடிக்கிறாள்.

மே 8

குந்தா பக்கத்திலிருந்து ஒருவர்: "நாள் முழுக்க மேடு பள்ளத்தில் நின்று இலை எடுக்கிற பெண்களுக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி? உடம்பு அசைவதுதான் மனசுக்கு மருந்து என்றால் அவர்கள்தான் ஊரிலேயே சந்தோஷமானவர்களாக இருக்க வேண்டும்."

இந்தக் கேள்வியை என் அம்மாவை வைத்தே யோசித்திருக்கிறேன். அம்மா இலை எடுத்தவர். உடம்பு அசையாத நாளே அவருக்குக் கிடையாது. ஆனால் அந்த அசைவில் அவருடையது என்று எதுவும் இல்லை. எந்தப் பத்தியில் நிற்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்வார். எத்தனை கிலோ என்று தராசு சொல்லும். மழைக்கு ஒதுங்குவதும் கேட்டுத்தான். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அடுப்பும் விறகும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும். உடம்பு களைத்துப்போகும், மனசு இறுகியபடியே இருக்கும்.

ஆய்வாளர்களும் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்காகச் செலவழியும் உழைப்பு, வீட்டு வேலை, விருப்பத்தோடு ஓய்வு நேரத்தில் செய்யும் ஆட்டம் என்று தனித்தனியாக எடுத்துப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மன நலத்தோடு நன்றாகப் பொருந்தி வந்தது ஓய்வு நேர ஆட்டம்தான். வேலை உழைப்புக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இதயத்துக்கும் இப்படியே என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. நாமே தேர்ந்தெடுத்துச் செய்கிறோமா, யார் கூடச் செய்கிறோம், வேண்டும்போது நிறுத்த முடிகிறதா என்பதெல்லாம் இதில் சேர்ந்திருக்கிறது.

எங்கள் குழுவில் ஓர் அக்கா, வேலை முடிந்து கால் வலிக்க வருவார். "உட்காருங்க, இன்னைக்குப் பாயின்ட் மட்டும் எழுதுங்க" என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "நாள் பூரா அவங்களுக்கு நின்னேன், இப்ப எனக்கு நிக்கிறேன்" என்பார். குந்தா வாசகருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும். உழைத்துவிட்டு வருகிறவர்களை ஓட்டப் பயிற்சி, தண்டால் என்று முதலிலேயே வாட்டக் கூடாது. தோள்பட்டை, இடுப்பு, முட்டி இந்த மூன்றும் அவர்களுக்கு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கொஞ்சம் நடை, கையைச் சுற்றுவது, அப்புறம் நேராக ஆட்டம்.

மே 9

ஏன் எறிபந்து என்று கேட்டவர்களுக்கு.

வாலிபால் நல்ல ஆட்டம், மைதானமும் பெரிதாக வேண்டாம். கோட்டுக்குள் 18 மீட்டருக்கு 9 மீட்டர். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது இரக்கம் காட்டாது. பந்து கையில் பட்டுத் தெறித்து ஓடும், ஆள் வெட்கப்பட்டுப் போவார். எறிபந்தில் பிடித்து எறிந்தால் போதும். பக்கத்துக்கு ஏழு பேர் என்பதால் ஓர் ஆள் கூடுதலாகவும் சேர்க்க முடிகிறது. பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பது விதி. அந்த மூன்று விநாடியில் கடன்காரன் முகமோ, மாமியார் சொன்ன வார்த்தையோ நினைவுக்கு வர இடமில்லை. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் மனச்சோர்வில் பெரிய தொல்லை. பந்து அந்த ஓட்டத்தை அறுத்துவிடுகிறது. கொஞ்ச நேரத்துக்குத்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் வாரத்தில் மூன்று முறை உறுதியாக வரும்.

ஷட்டில் ஆடலாமே என்கிறீர்கள். எங்கள் மேட்டில் காற்று அதை ஆடவிடாது. சமுதாயக் கூடம் உயரமாக இருந்தால் உள்ளே ஆடுங்கள்.

மே 12

தைரியம் எப்படி வருகிறது என்பதைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெண் பிளஸ் டூவில் தோற்றாள். கூடப் படித்தவர்கள் கோயம்புத்தூருக்கும் ஊட்டிக்கும் காலேஜ் போனார்கள். இவள் வீட்டிலேயே இருந்தாள். கடைக்குக்கூடப் போக மாட்டாள், வழியில் யாராவது "என்ன பண்றே?" என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். அவளுடைய அம்மா எங்களோடு ஆடுகிறவர். ஒருநாள் கெஞ்சிக் கூட்டி வந்தார். பெண் வேலியோரமாக நின்றாள். பந்து அவள் பக்கம் உருண்டபோது எடுத்துக் கொடுத்தாள்.

யாரும் "வா, நீயும் ஆடு" என்று இழுக்கவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் ஆரம்பத்திலேயே போட்ட வழக்கம் அது. நிற்க வந்தவரை நிற்க விடு. நான் நாலு தடவையாவது வாயைத் திறக்கப் போய் அவர் முறைத்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த வாரம் பாயின்ட் எழுதும் நோட்டை அவளிடம் கொடுத்து, வீட்டுக்கே எடுத்துப் போகச் சொன்னோம். இப்போது அவள் வராவிட்டால் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. ஐந்து மணிக்கு அவள் வீட்டு முன்னால் யாராவது நின்று "நோட்டு எங்கே?" என்று குரல் கொடுப்பார்கள். இப்படித் தேடப்படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தேடப்படாமல் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு மாலை ஒரு பக்கம் ஆறு பேர்தான் இருந்தார்கள். அவளே நோட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பந்தைத் தவறவிட்டாள், மறுபடி தவறவிட்டாள், ஒன்றைப் பிடித்தாள்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல், "இது என்னால் முடியும்" என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். நாலு ஊற்றுகளைச் சொல்கிறார். தானே ஒன்றைச் செய்து முடிப்பது முதலாவது, மற்ற எல்லாவற்றையும்விட வலுவானதும் அதுதான். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை. அப்புறம் உடம்பு தரும் சேதி: நெஞ்சு படபடப்பதைப் பயம் என்று எடுத்துக்கொள்கிறோமா, சாதாரணப் பரபரப்பு என்று எடுத்துக்கொள்கிறோமா. மைதானத்தில் இந்த நாலும் ஒரே மாலையில் கிடைத்துவிடுகிறது. வலைக்கு அந்தப் பக்கம் பந்து போய் விழுந்ததை அவள் கண்ணே பார்த்தது. பக்கத்தில் நின்றவள் அவளைப் போலவே படிப்பை விட்டவள். மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. பரீட்சை நினைவு வந்தால் இதே மாதிரி நெஞ்சு அடித்தபோதுதான் அவள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு துணைத்தேர்வு எழுதினாள். அதை எறிபந்தின் கணக்கில் நான் எழுத மாட்டேன். அவளுடைய அண்ணன் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான், அவளும் ராத்திரி ராத்திரியாகப் படித்தாள். ஆனால் மனு வாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போனாளே, அதில் எங்கள் மைதானத்துக்குப் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

மே 13

நேற்று எழுதியதோடு ஒன்று. பொய்யாகப் பாராட்டாதீர்கள். தவறவிட்ட பந்துக்கு "சூப்பர், சூப்பர்" என்று கை தட்டினால் அது இரக்கம் என்று அந்தப் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். "கையை இன்னும் கொஞ்சம் முன்னால நீட்டு" என்று சொல்லுங்கள். திருத்துகிறார்கள் என்றால் நம்மால் முடியும் என்று நினைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மரியாதை எந்தக் கைதட்டலைவிடவும் பெரிது.

மே 19

"போட்டி இல்லாத ஆட்டம் உப்பில்லாத கஞ்சி" என்று மன்னவனூர் வாசகர் எழுதியிருக்கிறார். போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. தினமும் நாங்கள் பாயின்ட் எண்ணுகிறோம், தோற்றால் முகம் தொங்குகிறது, ஜெயித்தால் வீடு வரைக்கும் பேச்சுத்தான். யாரை வெளியே நிறுத்திவிட்டுப் போட்டி நடக்கிறது என்பதுதான் என் கவலை.

நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கென்று 1987-இலிருந்து விதிகள் இருக்கின்றன. 11 வயதுக்கு முன்னால் வெற்றிப் பட்டியல், ரேங்க் எதுவும் போடக் கூடாது. ஆட்டம் உண்டு, கோல் உண்டு, யார் முதலிடம் என்ற பலகை கிடையாது. இதனால் அங்கே வீரர்கள் உருவாகாமல் போனார்களா? 55 லட்சம் சொச்சம் மக்கள்தான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி எல்லா நாட்டுக்கும் முன்னால் நின்றார்கள். சின்ன வயதில் யாரையும் கழித்துக்கட்டாமல் வைத்திருந்தால் பிறகு தேர்ந்தெடுக்க நிறையப் பேர் மிச்சம் இருப்பார்கள்.

பெரியவர்களுக்கு இன்னொரு வழி. கென்யாவில் நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், கால்பந்து லீக்கில் ஜெயித்ததற்கு மட்டும் புள்ளி கொடுப்பதில்லை. தன் தெருவைக் கூடிச் சுத்தம் செய்த அணிக்கும் லீக் பட்டியலில் புள்ளி உண்டு. நன்றாக ஆடத் தெரியாதவனும் துடைப்பத்தோடு வந்து தன் அணியை மேலே ஏற்ற முடியும். சீசன் முடிந்ததும் உங்கள் ஏரிப் பக்கம் எவ்வளவு பிளாஸ்டிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

போட்டி என்றதும் எனக்கு நினைவு வருவது ஊட்டி முத்தநாடு மந்து என்ற தோடர் பழங்குடிக் குடியிருப்பு. மொற்பர்த் பண்டிகையில் தோடர் இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்குவார்கள். அந்தக் கல்லுக்கு எதிரணி கிடையாது. சுற்றி நிற்கிற எல்லோரும் தூக்குகிறவன் பக்கம். பலப் பரீட்சைதான், கூடவே ஊரே பின்னால் நிற்கிறது என்ற தெம்பும். சமவெளிக் கிராமங்களிலும் இளவட்டக்கல் உண்டு, நம் ஆட்களுக்கு இது புதிதில்லை.

எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலையான டீம் கிடையாது. வந்த வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரிவோம். இன்று எதிரே நின்றவள் நாளை பக்கத்தில் நிற்பாள். ஊருக்குள் இருக்கிற மேல் தெரு, கீழ்த் தெரு, எஸ்டேட் ஆள், ஊர் ஆள் என்ற கோடுகள் இந்த எண்ணிக்கையில் கலைந்துவிடுகின்றன. முதலில் சிலருக்குப் பிடிக்கவில்லை, இரண்டு வீடுகள் பெண்களை அனுப்புவதை நிறுத்தின. ஒரு வீடு திரும்பி வந்தது.

மே 20

காசுப் போட்டிகளை நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்று ஒருவர் கேட்டார். ஒரு போட்டியில் எங்கள் உறவுக்காரப் பையன் கடைசிப் பந்தை வெளியே அடித்தான். பந்தயம் கட்டியிருந்த பெரியவர்கள் அவனை அம்மா பேர் சொல்லித் திட்டினார்கள். அதோடு அவன் பந்தைத் தொடவில்லை, நல்ல ஆட்டக்காரன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 3

மழை தொடங்கிவிட்டது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் "மூணு மாசம் என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். அங்கே தென்மேற்குப் பருவமழையில் மைதானம் குளம்தான். எங்களுக்கும் குன்னூர்க்காரர்களுக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் பெரிய மழை. மேலே ஊட்டியில் அதற்கப்புறம் உறைபனி.

ஆட்டம் நிற்கலாம், நேரம் நிற்கக் கூடாது. அதே கிழமை, அதே மணிக்குச் சமுதாயக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ கூடுங்கள். கேரம் போர்டு, தாயம், பல்லாங்குழி எதுவானாலும் சரி. ஒன்றுமில்லாவிட்டால் வர டீ போட்டுக் குடித்துவிட்டுப் பேசிவிட்டுப் போங்கள். ஒரு வாரம் விட்டால் இரண்டாவது வாரம் விடுவது சுலபம், மூன்றாவது வாரம் யாரும் நினைக்கவே மாட்டார்கள். முதலில் கழன்று போகிறவர்கள் யார் தெரியுமா? யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்கள்தான். ஆட்டக்காரர்கள் வெயில் வந்ததும் தாமே திரும்பிவிடுவார்கள்.

ஜூன் 10

மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றபோது, தனியாக எழுதுகிறேன் என்று சொன்ன விஷயம்.

மைதானம் ஆஸ்பத்திரி ஆகாது. தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால், "இருந்து என்ன பயன்" என்று பேச ஆரம்பித்தால், "ஆட வா, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். பேச ஆள் வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

மைதானம் செய்யக்கூடியது வேறு. மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒருவர் பத்து நாள் வெளியே வராவிட்டாலும் தெரியாமல் போகும். வாரத்தில் மூன்று மாலை வந்துகொண்டிருந்தவர் இரண்டு தடவை வராவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டலாம். எங்களில் இருவருக்கு இதுதான் வேலை என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். "ஏன் வரலே?" என்று கண்டிக்கக் கூடாது, "வராதது தெரிஞ்சுது, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்ல வேண்டும்.

குடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விளையாட்டு வந்தால் குடி தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் டீமாகவே கடைக்குப் போகிற அணிகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கூட்டாளிகள் கிடைத்த சந்தோஷமே அங்கே குடிக்கக் காரணமாகிவிடுகிறது. முடிந்த கையோடு சுண்டலோ பட்டாணியோ சூடாகக் கொடுத்து ஒரு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குளிரில் அது எடுபடும். பரிசுப் பணத்தில் ஒரு சின்னப் பகுதி போதும், பல மாதம் ஓடும்.

ஜூன் 24

பெண்களை எப்படி வரவைப்பது என்று பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்.

முதலில் நேரம். இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர முடிகிற நேரமாக வை. எங்கள் பக்கம் கரடி, உங்கள் பக்கம் காட்டெருமை. இதைச் சாக்காகச் சொல்கிறார்கள் என்று வீட்டுக்காரர்களோடு சண்டை போடாதே, உண்மையான பயம்தான். நாங்கள் பாதை வாரியாகச் சேர்ந்து போவோம், கடைசி வீட்டுப் பெண் உள்ளே போகும்வரை மற்றவர்கள் நிற்பார்கள். அந்த நடையில்தான் பாதிப் பேச்சு நடக்கும். மைதானத்தில் வாயே திறக்காத பெண்கள் இருட்டு கவிகிற பாதையில் மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள்.

உடை பற்றிப் பேசாதே. சுடிதாரோ நைட்டிமேல் ஸ்வெட்டரோ, எதில் வந்தாலும் ஆடட்டும். செருப்பு மட்டும் வழுக்காமல் இருக்க வேண்டும். அம்மாக்களை முதலில் கூப்பிடு. அம்மா ஆடுகிற இடத்துக்கு மகள் போவதை எந்த வீடும் தடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வெளியாள் வந்தால், யாராக இருந்தாலும், மூத்த பெண் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

ஜூன் 25

பந்தே வேண்டாம் என்கிற வயதானவர்களுக்கு நடை. இங்கிலாந்தில் 2004-இல் லண்டன் பக்கம் ஒரு பூங்காவில் 13 பேர் ஓடியதில் தொடங்கியது பார்க்ரன். சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தாலும் சரி. இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஓடாதவர் அன்றைக்குத் தொண்டராக நிற்கலாம், அதுவும் வருகைதான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய ரோடு ஏறத்தாழ அதே 5 கிலோமீட்டர். சனிக்கிழமை வண்டி நெரிசல் தொடங்கும் முன்னால் ஒரு சுற்று வரலாமே என்று கொடைக்கானல்காரர்கள் யாராவது யோசியுங்கள்.

சேர்ந்து செய்வதற்கு உடம்பிலேயே ஒரு பலன் உண்டு போலிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகள் சிலரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு 2009-இல் வந்தது. தனியாகத் துடுப்பு இழுத்தபோதும் குழுவாக இழுத்தபோதும் உழைப்பு ஒரே அளவுதான். குழுவாக இழுத்த பிறகு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. உடம்பு தானாகச் சுரக்கிற, வலியைக் குறைக்கிற எண்டார்ஃபின்தான் காரணம் என்று கருதுகிறார்கள். சின்ன ஆய்வுதான், அதன்மேல் பெரிய மாளிகை கட்ட வேண்டாம். ஆனாலும் நாற்று நடும்போது பாடினவர்கள், தேர் இழுத்தவர்கள் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

ஜூலை 6

மன்னவனூர் வாசகர் எழுதியதைப் படித்தேன். மன்றத்தில் பேசி, போட்டிக்குப் பாதி, அன்றாட ஆட்டத்துக்குப் பாதி என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நல்லது. போட்டியைச் சுற்று வட்டார ஊர்களோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வோர் அணியிலும் இந்த வருஷம்தான் ஆடப் பழகிய இரண்டு பேராவது களத்தில் நின்றாக வேண்டும் என்று விதி போடுங்கள். ஒவ்வோர் ஊரும் புது ஆள் தேடித் தெருவில் இறங்கும். தொகையைக் குறைத்து, எல்லா அணிக்கும் ஒரு பந்து கொடுத்தனுப்புங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஊராட்சியில் கேளுங்கள். 2024-இல் தமிழக அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் ஊருக்கு வந்த பெட்டியில் வலையும் பந்தும் இருக்கலாம்.

அந்தப் பையனைப் பற்றி மறுபடி கேட்டிருக்கிறீர்கள், கூப்பிட்டும் வரவில்லை என்று. ஆடக் கூப்பிட்டிருப்பீர்கள். ஒரு வேலையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கோடு போடச் சுண்ணாம்பு கரைக்க ஆள் வேண்டும், வலை கட்ட இன்னொரு கை வேண்டும். போன் விடாதவன் என்கிறீர்கள், ஆட்ட நாளைக்கு எல்லோருக்கும் செய்தி அனுப்புகிற பொறுப்பை அவனிடமே கொடுங்கள். வந்தால் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகட்டும், "இருடா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று யாரும் பிடித்து நிறுத்த வேண்டாம். வராவிட்டால் அடுத்த வாரம் அதே வேலையோடு அதே ஆள் போய்க் கூப்பிடட்டும். அவனைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதிகம் அறிவுரை சொல்லாதவர் ஒருவராகப் பார்த்து அனுப்புங்கள். வீட்டில் அவன் அம்மாவிடம் தூக்கம், சாப்பாடு எப்படி என்று மட்டும் மெதுவாகக் கேட்டு வரச் சொல்லுங்கள். அது சரியில்லை என்றால் ஜூன் 10-இல் எழுதியதைத்தான் முதலில் செய்ய வேண்டும், வலையும் பந்தும் அதற்கப்புறம்.